தூரிகைக்கு மகுடம் சூட்டுவது யார்?

மணிலா மாநகரிலே, 1928 டிசம்பர் மாதத்திலே, ஒரு மன்றத்தின் சுவர்களிலே 30 ஓவியங்கள் மாட்டப்பட்டிருந்தன. சீமான்கள் வந்தார்கள், சீமாட்டிகள் வந்தார்கள், கலையறிந்தோர் எனத் தம்மைத் தாமே கூறிக்கொள்ளும் கனவான்கள் வந்தார்கள். பார்த்தார்கள், முகம் சுளித்தார்கள், போய்விட்டார்கள். ஒரு படம்கூட விலைபோகவில்லை!

ஏன் விலைபோகவில்லை? அந்தப் படங்களிலே பெரியது ஒன்று. 'கட்டுவோர்' என்பது அதன் பெயர். அதிலே அழகுப் பதுமை இல்லை, அரண்மனை இல்லை, அந்திவானத்துச் செம்மை இல்லை. மேலாடையற்று, மேனியெல்லாம் வியர்வையும் புழுதியுமாக, முதுகு வளைந்து பாடுபடும் கூலிக்காரர்கள் இருந்தார்கள். நிறமோ சேற்றின் நிறம். கூடத்திலே மாட்டி வைத்து விருந்தினருக்குக் காட்டி மகிழவா சீமான் படம் வாங்குவார், தன் வீட்டைக் கட்டியவனின் முதுகைப் பார்க்கவா வாங்குவார்?

படம் தீட்டியவர் விக்டோரியோ எடாடஸ். பங்காசினான் மாநிலத்து டகுபான் ஊரில் 1895ல் பிறந்தவர். அமெரிக்காவுக்குக் கப்பலேறிச் சென்று ஓவியம் கற்றவர். கற்பதற்குக் காசு வேண்டுமே! அலாஸ்காவின் குளிரிலே, மீனைத் தகரக் குவளையில் அடைக்கும் ஆலையிலே கூலி வேலை செய்தார். கூலிக்காரனைத் தீட்டிய கை, கூலி வேலை செய்த கை. பிறர் சொல்லக் கேட்டு எழுதிய ஓவியமல்ல அது.

48 ஆண்டுகள் உருண்டோடின. 1976ஆம் ஆண்டு அதே நாட்டின் அரசு அவரை அழைத்தது. 'தேசியக் கலைஞர்' என்ற பட்டத்தை அளித்தது. ஒருவரும் வாங்காத படத்தைத் தீட்டியவர் நாட்டின் தலையாய கலைஞர்களில் ஒருவர் ஆனார்!

இதைப் படித்ததும் நமக்கு ஒரு கேள்வி எழுகிறது. 1928ல் கலையறிந்தோர் தவறினார்கள். 1976ல் அரசு திருத்திற்று. அப்படியானால், கலைஞனை எடைபோடும் தராசு யாருடைய கையில் இருக்கவேண்டும்? பணம் படைத்தவன் கையிலா? பதவியில் இருப்பவன் கையிலா? அல்லது வேறு யாருடைய கையிலா? இந்தக் கேள்விக்காகப் பிலிப்பைன்ஸ் நாட்டுக் கலைஞர்கள் தெருவிலே நின்றிருக்கிறார்கள், நீதிமன்றப் படியேறியிருக்கிறார்கள். பாட்டாளித் தோழர்கள் அறியவேண்டிய வரலாறு அது.

அடிமை நாட்டின் முதல் பதக்கம்

ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகள் கொண்ட நாடு பிலிப்பைன்ஸ். 1565ல் ஸ்பெயின் அங்கே காலூன்றியது. 1898 வரை, முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஆண்டது. போனது ஸ்பெயின், வந்தது அமெரிக்கா. இடையிலே ஜப்பானியப் படை புகுந்தது. விடுதலை கிடைத்தது 1946ல். நாட்டின் பெயரே ஸ்பானிய அரசன் பிலிப்பின் பெயர்!

அத்தகைய அடிமை நாட்டிலிருந்து சென்ற இருவர், 1884ஆம் ஆண்டு ஸ்பெயினின் தலைநகர் மாட்ரிட்டில் நடந்த தேசிய ஓவியக் கண்காட்சியிலே பரிசு பெற்றார்கள். ஜூவான் லூனாவுக்குத் தங்கப் பதக்கம். ஃபெலிக்ஸ் ரெசுரெக்சியோன் இடால்கோவுக்கு வெள்ளிப் பதக்கம். "நாகரிகம் கற்பிக்க வந்தோம்" என்று மார்தட்டிய ஆண்டை நாட்டின் ஓவியர்கள் பின்னே நிற்க, அடிமை நாட்டின் பிள்ளைகள் முன்னே நின்றார்கள்!

லூனாவின் படத்துக்குப் பெயர் 'ஸ்பொலியாரியம்'. நான்கு மீட்டருக்கு மேல் உயரம், ஏழு மீட்டருக்கு மேல் அகலம். சுவரல்ல, ஒரு வீட்டின் முகப்பே என்று சொல்லத்தக்க அளவு. பழைய ரோமாபுரியிலே, மன்னனும் மக்களும் வேடிக்கை பார்க்க வீரர்களை மோதவிட்டுச் சாகடிப்பார்கள். செத்த வீரனின் உடலை அரங்குக்கு அடியில் உள்ள இருட்டறைக்கு இழுத்துச் சென்று, அவன் மேலிருந்த கவசத்தையும் உடையையும் உருவிக்கொள்வார்கள். அந்த இருட்டறைதான் படம். இழுக்கப்படும் பிணங்கள் ஒருபுறம். உரிந்துகொள்ளக் காத்திருக்கும் கூட்டம் ஒருபுறம். துயரத்தில் சாய்ந்து கிடக்கும் பெண்ணொருத்தி ஒருபுறம்.

ரோமாபுரிக் கதைதானே என்று பதக்கம் கொடுத்தவர்கள் எண்ணியிருக்கலாம். ஆனால் உயிரையும் பறித்து உடையையும் உருவும் ஆட்சி எது என்பது மணிலாவில் இருந்தவனுக்குத் தெரியாதா? அந்த ஆண்டு ஜூன் மாதம், வெற்றி பெற்ற இருவருக்கும் மாட்ரிட்டில் விருந்து நடந்தது. எழுந்து பேசினான் 23 வயது இளைஞன் ஒருவன். ஆற்றல் எந்த ஒரு நாட்டுக்கும் தனிச்சொத்து அல்ல என்ற கருத்தை எடுத்துரைத்தான். அவன்தான் ஹோசே ரிசால். பின்னாளிலே நாவல்கள் எழுதி நாட்டை எழுப்பியவன். 1896 டிசம்பர் 30ஆம் நாள் ஸ்பானிய ஆட்சி அவனைச் சுட்டுக் கொன்றது. அதே ஆண்டு லூனாவும் சிறையில் தள்ளப்பட்டார். பதக்கம் கொடுத்த கையே விலங்கும் பூட்டிற்று!

லூனாவைப் புகழ்வோர் ஒன்றை மறைத்துவிடுவதுண்டு. நாம் மறைக்கப் போவதில்லை. 1892ல் பாரிஸ் நகரிலே, ஐயத்தால் அறிவிழந்து, தன் மனைவியையும் மாமியாரையும் சுட்டுக் கொன்றவர் அவர். மறு ஆண்டே நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அந்தக் காலத்துச் சட்டத்தின் கண்ணுக்கு ஒரு பெண்ணின் உயிர் அவ்வளவு இலேசு! படத்தின் பெருமை படத்துக்கு உண்டு; குற்றத்தின் கறை குற்றவாளிக்கு உண்டு. ஒன்றைக் காட்டி மற்றொன்றை அழிக்க முடியாது.

லூனா 1899ல் ஹாங்காங்கில் மறைந்தார். ஸ்பெயினில் தங்கிவிட்ட அந்தப் பெரும்படம், 1958ல்தான் பிலிப்பைன்ஸ் மண்ணுக்கு வந்து சேர்ந்தது. இன்று மணிலாவின் தேசிய நுண்கலை அருங்காட்சியகத்திலே, நுழைந்ததும் கண்ணில் படும் பெரிய கூடத்திலே அது நிற்கிறது.

ஒளியைத் தீட்டியவரும் இருளைக் கொணர்ந்தவரும்

தகப்பனை இழந்து, தாயோடு மணிலாவுக்கு வந்து, ஓவியரான உறவினர் ஒருவரின் வீட்டிலே ஒண்டி வளர்ந்தான் ஒரு சிறுவன். தாய் தையல் பூவேலை செய்தார். சிறுவன் அட்டையிலே படம் வரைந்து விற்றான். அவன்தான் 1892ல் பிறந்த பெர்னாண்டோ அமோர்சோலோ.

வயலிலே நாற்று நடும் பெண்களைத் தீட்டினார் அமோர்சோலோ. பகலவன் பின்னாலிருந்து பாய்ச்சும் ஒளியிலே கூந்தலின் ஓரமும் தோளின் ஓரமும் பொன்னாக மின்னும். அந்த ஒளியை அவரைப்போல் தீட்டியவர் அந்நாட்டில் இல்லை என்றார்கள். நாட்டுப்புறத்து உழவனை ஓவியத்தின் நடுவிலே நிறுத்தியவர் அவர் என்பது உண்மை. ஆனால் அவர் தீட்டிய உழவர் முகத்திலே பசி இல்லை, கடன் இல்லை, பண்ணையாரின் நிழல் இல்லை. எல்லாரும் சிரிக்கிறார்கள்! போர் வந்தது, மணிலா எரிந்தது, அப்போது அதே தூரிகை தீயையும் புகையையும் அழும் மக்களையும் தீட்டிற்று. ஒளியை மட்டுமே அறிந்தவர் அல்லர் என்பதற்கு அது சான்று.

1972 ஏப்ரல் மாதம் அமோர்சோலோ மறைந்தார். மறைந்த சில நாள்களுக்குள், ஏப்ரல் 27ஆம் நாள், குடியரசுத் தலைவர் பெர்டினாண்ட் மார்கோஸ் 1001ஆம் எண் பிரகடனத்தை வெளியிட்டார். 'தேசியக் கலைஞர்' என்ற விருது பிறந்தது. அமோர்சோலோவே முதல் தேசியக் கலைஞர் என்று அறிவிக்கப்பட்டார். 79 ஆண்டுகள் வாழ்ந்தவருக்கு, கண் மூடிய பிறகு மகுடம்!

அதே ஆண்டு செப்டம்பர் மாதம். அதே மார்கோஸ். அதே பேனா. இம்முறை 1081ஆம் எண் பிரகடனம். நாடெங்கும் ராணுவச் சட்டம்! ஏடுகள் மூடப்பட்டன, எதிர்க்கட்சியினர் சிறை புகுந்தனர். ஏப்ரலில் கலைஞனுக்கு மாலை. செப்டம்பரில் நாட்டுக்கு விலங்கு!

1973ல் விருது பெற்றவர்களின் வரிசையைப் பாருங்கள். இலக்கியத்துக்காக அமாடோ ஹெர்னாண்டஸ். யார் அவர்? தொழிற்சங்கத் தலைவர்! தொழிலாளர் அமைப்புகளின் பேரவைக்குத் தலைமை வகித்தவர். 1951ல் கைதாகி ஐந்து ஆண்டுகளுக்கு மேல் சிறையிலே வாடியவர். 1964ல்தான் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. 1970ல் இறந்தவருக்கு 1973ல் விருது! சரி, பாட்டாளித் தலைவனைப் பாராட்டும் நல்லாட்சி என்று மகிழலாமா? மறு ஆண்டே, 1974ல், பியென்வெனிடோ லும்பேரா என்ற எழுத்தாளர் அதே ஆட்சியால் சிறையிடப்பட்டார். அவர் தேசியக் கலைஞர் ஆனது 2006ல். ராணுவச் சட்டம் போய், மார்கோஸ் மக்கள் எழுச்சியால் 1986ல் நாட்டைவிட்டே ஓடி, இருபது ஆண்டுகள் கழிந்த பிறகு!

செத்த புலியின் கழுத்திலே மாலை போடுவது எளிது, தோழர்களே! உயிருள்ள புலியின் எதிரே நின்று பாராட்டுவதற்கல்லவா நெஞ்சுரம் வேண்டும்!

ஆட்சி தீயது, ஆனால் அது தொடங்கிய விருதும் தீயதா? அல்ல என்பதே நம் கருத்து. கொடுங்கோலன் வெட்டிய குளமானாலும் தண்ணீர் மக்களுக்குத்தான். குளத்தின் மதகு யாருடைய கையில் இருக்கிறது என்பதே கேள்வி.

கிடங்குத் தொழிலாளியின் சிலை

மணிலாவை ஒட்டிய கலோகான் நகரிலே ஒரு நினைவுச் சின்னம் எழுந்து நிற்கிறது. 1933ல் திறக்கப்பட்டது. சுற்றியுள்ள பகுதிக்கே 'மொனுமென்டோ' என்றுதான் பெயர். உயர்ந்த தூண், அதன் அடியைச் சுற்றி வெண்கல உருவங்கள். கழுத்து நெரித்துக் கொல்லப்பட்ட பாதிரிமார், எழுந்து நிற்கும் போராளிகள், இவர்களுக்கு முன்னே அமைதியே உருவாக ஒருவன். ஒரு கையில் வெட்டரிவாள், மறு கையில் கைத்துப்பாக்கி.

அவன்தான் ஆண்ட்ரெஸ் போனிஃபாசியோ. இளமையிலே தாய் தந்தையை இழந்து, கைத்தடியும் காகித விசிறியும் விற்றுத் தம்பி தங்கையரைக் காத்தவன். அயல்நாட்டாரின் கிடங்கிலே வேலை பார்த்தவன். 1892ல் 'கதிபூனான்' என்ற புரட்சிச் சங்கத்தை நிறுவி, ஸ்பெயினை எதிர்த்துப் படை திரட்டியவன். புரட்சிக்குள் எழுந்த பதவிப் போட்டியிலே, 1897ல், தன்னவர்களாலேயே கொல்லப்பட்டவன்.

அந்தக் கிடங்குத் தொழிலாளிக்கு வெண்கலத்தில் உயிர் கொடுத்தவர் சிற்பி கியெர்மோ டொலென்டினோ. மலோலோஸ் ஊரில் 1890ல் பிறந்தவர். அமெரிக்காவில் உணவு விடுதியில் பரிமாறும் வேலை பார்த்தவர். பின்னர் நியூயார்க்கிலும் ரோமிலும் சிற்பம் கற்றவர். பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தின் வாயிலிலே, இரு கைகளையும் விரித்து, முகத்தை வானுக்கு உயர்த்தித் தன்னையே நாட்டுக்கு அளிக்கும் இளைஞனின் சிலையும் அவர் வடித்ததே. அவருக்கு 1973ல் விருது.

கலையால் ஏழைக்கு என்ன பயன் என்று கேட்பவர் உண்டு. கிடங்குத் தொழிலாளியின் பெயரை ஆண்ட பரம்பரை மறக்கச் செய்துவிட முடியும்; ஏட்டிலிருந்து கிழித்துவிட முடியும். நடுத்தெருவிலே வெண்கலமாய் நிற்பவனை என்ன செய்ய முடியும்? பள்ளிக்குச் செல்லாதவனுக்கும் வரலாறு சொல்லும் பாடநூல் அல்லவா சிலை!

அவ்வழியிலேயே வந்தவர் கார்லோஸ் பிரான்சிஸ்கோ. 'போட்டோங்' என்று மக்கள் செல்லமாக அழைத்த ஓவியர். ஏரிக்கரை ஊரான அங்கோனோவிலே 1912ல் பிறந்து அங்கேயே வாழ்ந்தவர். மணிலா நகர மன்றத்துக்காக அவர் 1964ல் முடித்த பெரும்படத்தொகுதி, ஸ்பானியர் வருமுன் அங்கே ஆண்ட தலைவர்களில் தொடங்கி, படையெடுப்பு, அடிமைத்தனம், புரட்சி என்று நாட்டின் போராட்டக் கதையை அலையலையாகச் சொல்கிறது. வரி கட்ட வந்தவனும் மனு கொடுக்க வந்தவனும் பார்க்கட்டும் என்று சுவரிலே ஏறிய வரலாறு! 1969ல் அவர் மறைந்தார், 1973ல் விருது. இங்கேயும் மாலை பிணத்துக்குப் பின்னால்தான்!

விசென்டே மனன்சலா சிறுவனாக இருந்தபோது செய்தித்தாள் விற்றவர். செருப்புக்கு மெருகு போட்டவர். 1945ல் மணிலாவிலே நடந்த போரில் ஏறத்தாழ ஒரு லட்சம் குடிமக்கள் மாண்டார்கள், நகரம் இடிபாடாயிற்று. அந்த இடிபாட்டிலே முளைத்த குடிசைகளின் நடுவே, குழந்தையை அணைத்து நிற்கும் ஏழைத் தாயை 1950ல் தீட்டினார். 'சேரியின் மாதா' என்று பெயரிட்டார். கோயிலிலே பொன்முடி தரித்து நிற்கும் மாதாவைச் சேரிக்கு அழைத்து வந்துவிட்டார்! 1981ல் அவருக்கு விருது; அதே ஆண்டில் மறைந்தார்.

பெனடிக்டோ கப்ரேரா, பென்காப் என்று நாடறிந்தவர், 2006ல் விருது பெற்றவர். தன் வீட்டருகே குப்பை பொறுக்கித் திரிந்த சபெல் என்ற பெண்ணை 1960களில் கோடுகளாய்ப் பதிந்தார். கிழிந்த பிளாஸ்டிக் தாள்களைப் போர்த்திக்கொண்டு திரிந்தவள் அவள். அந்த உருவத்தை அவர் வாழ்நாள் முழுதும் விடவில்லை. இன்று அந்தச் சபெல் படத்தைச் செல்வர்கள் பெரும்பொருள் கொடுத்து வாங்குகிறார்கள். படத்திலே இருப்பவளுக்கு இடம் மாளிகை. அவளைப்போல் தெருவிலே இருப்பவளுக்கு? விருது ஓவியனுக்கு வந்துவிட்டது. நீதி இன்னும் சபெலுக்கு வரவில்லை.

எதிரிகள் இருவர், மகுடம் இருவருக்கும்

முதலில் சொன்ன எடாடஸை மறந்துவிடாதீர்கள். 'கட்டுவோர்' படம் கிளப்பிய புயல் அடங்கப் பல ஆண்டுகள் ஆயின. அழகைக் காட்டுவதே கலை என்றது ஒரு கட்சி. உண்மையைக் காட்டுவதே கலை என்றது மறு கட்சி. முதல் கட்சிக்காக ஏடுகளிலே வாளெடுத்து நின்றவர் டொலென்டினோ. மறு கட்சிக்காக நின்றவர் எடாடஸ். சொல்லுக்குச் சொல், வாதத்துக்கு வாதம்!

பிறகு நடந்தது என்ன? டொலென்டினோவுக்கு 1973ல் விருது. எடாடஸுக்கு 1976ல் விருது. டொலென்டினோவிடம் பயின்று, ஆசானின் பாணியை விட்டு விலகிப் புதுவழி கண்ட சிற்பி நெப்போலியன் அபுயேவாவுக்கும் அதே 1976ல் விருது, 46 வயதிலேயே! போரிலே ஜப்பானியப் படையிடம் பெற்றோர் இருவரையும் பறிகொடுத்த பிள்ளை அவர்.

ஆசானுக்கும் மகுடம், ஆசானோடு மல்லுக்கு நின்றவருக்கும் மகுடம், ஆசானைத் தாண்டிச் சென்ற மாணவனுக்கும் மகுடம். தராசு கலையறிந்தவர் கையில் இருந்தால் இது நடக்கும். "என் கட்சியா, உன் கட்சியா?" என்று கேட்காது அந்தத் தராசு. "செய்ததிலே சத்து இருக்கிறதா?" என்று மட்டுமே கேட்கும்.

2009: தராசிலே விழுந்த கை

இந்த விருது வழங்கப்படும் முறையைச் சொல்லவேண்டும். பண்பாடு, கலைகளுக்கான தேசிய ஆணையமும் பிலிப்பைன்ஸ் பண்பாட்டு மையமும் சேர்ந்து கலைஞர்களை ஆய்கின்றன. அந்தந்தத் துறையிலே தேர்ந்தவர்கள் முதலில் கூடிச் சலிக்கிறார்கள். மீண்டும் கூடிச் சலிக்கிறார்கள். இறுதியில் இரு அமைப்புகளின் குழுவும் கூடிப் பெயர்களை முடிவு செய்கிறது. அந்தப் பட்டியல் குடியரசுத் தலைவருக்குப் போகிறது, அவர் அறிவிக்கிறார். பட்டம் பெற்றவருக்குப் பதக்கம், பரிசுப் பணம், மாதந்தோறும் உதவித்தொகை, மருத்துவ உதவி, இறந்தால் அரசு மரியாதை. வெறும் காகிதப் பட்டமல்ல. முதுமையிலே சோறு போடும் பட்டம்.

2009ஆம் ஆண்டு அந்தக் குழு நான்கு பெயர்களை அனுப்பிற்று. அப்போது குடியரசுத் தலைவர் குளோரியா மகபகல் அரோயோ. அறிவிப்பு வந்தது. நாடு திடுக்கிட்டது! குழு அனுப்பிய நால்வரில் இசைவாணர் ரமோன் சாந்தோஸின் பெயர் காணவில்லை. குழு அனுப்பாத நால்வரின் பெயர்கள் ஏறியிருந்தன. அந்த நால்வரிலே ஒருவர், விருதுக்குரியவரைத் தேடும் அதே ஆணையத்தின் செயல் இயக்குநர்! பந்தி பரிமாற வந்தவர் தனக்கே முதல் இலை போட்டுக்கொண்டது போல! இன்னொருவர் படக்கதைகளுக்குக் கதை எழுதியவர். அவருக்கு ஓவியத் துறையின் பெயராலும் பட்டம்!

கலைஞர்கள் பொறுத்தார்களா? ஆகஸ்ட் மாதம் பண்பாட்டு மையத்தின் முன்னே கூடினார்கள். விருது செத்துவிட்டது என்று சொல்லி, அதற்கு இறுதிச் சடங்கே நடத்தினார்கள்! உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றார்கள். வழக்குத் தொடுத்தவர்கள் யார் யார்? சிறை கண்ட லும்பேரா. சபெலைத் தீட்டிய பென்காப். பெற்றோரைப் போரில் இழந்த சிற்பி அபுயேவா. ஓவியர் ஆர்துரோ லூஸ். ஏற்கெனவே மகுடம் சூடியவர்கள்! தமக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, எவனுக்கு வந்தால் நமக்கென்ன என்று வீட்டிலே உட்காராமல், கிடைத்த மகுடத்தின் மானத்தைக் காக்க நீதிமன்றம் ஏறினார்கள்.

2009லேயே நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. 2013 ஜூலை 16ஆம் நாள் தீர்ப்பு வந்தது. குழு பரிந்துரைக்காத பெயரைக் குடியரசுத் தலைவர் தன் விருப்பப்படி நுழைக்க முடியாது. நால்வரின் பட்டமும் செல்லாது என்றது நீதிமன்றம். ரமோன் சாந்தோஸ் 2014ல் விருது பெற்றார். நுழைக்கப்பட்ட நால்வரிலே ஒருவரான கட்டடக் கலைஞர் பிரான்சிஸ்கோ மன்யோசா, முறைப்படி பரிசீலிக்கப்பட்டு 2018ல் அதே பட்டத்தைப் பெற்றார். பார்த்தீர்களா! தகுதி உள்ளவருக்கும்கூடக் கொல்லைப்புற வழியாகக் கொடுத்தால் அது களங்கம். முன்வாசல் வழியாக வந்தால் அது பெருமை.

"மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த தலைவருக்கு அந்த உரிமைகூட இல்லையா?" என்று கேட்டார்கள் சிலர். நியாயமான கேள்விதான். பதில் சொல்லுவோம். சுவர் நேராக எழும்புகிறதா என்று தூக்குக்குண்டு பிடித்துப் பார்ப்பவர் கொத்தனார். வீட்டுக்குச் சொந்தக்காரர் கூலி கொடுக்கலாம். புதுமனை புகுவிழா நடத்தலாம். வந்தவர்களுக்குச் சந்தனம் கொடுக்கலாம். ஆனால் குண்டு சாய்வாகத் தொங்குகிறது என்றால், "இல்லை, நேர்தான் என்று எழுதிக்கொள்" என்று உத்தரவு போட முடியுமா? போட்டால் உத்தரவு நிற்கும், சுவர் நிற்காது! வாக்குரிமை தலைவருக்குத் தருவது ஆளும் பொறுப்பு. தொழிலறிந்தவனின் தூக்குக்குண்டை வளைக்கும் உரிமையை அது தருவதில்லை.

ஆனால் பெயரை நுழைக்க முடியாத தலைவர், பெயரை நிறுத்திவைக்க முடியும். 2014ல் நடிகை நோரா அவ்னோரின் பெயரை அப்போதைய குடியரசுத் தலைவர் நீக்கினார். இரயிலடியிலே பயணிகளுக்குத் தண்ணீர் விற்ற ஏழைச் சிறுமி அவர். பாட்டாலும் நடிப்பாலும் நாட்டின் நெஞ்சிலே குடிபுகுந்தவர். எட்டு ஆண்டுகள் காத்திருந்து 2022ல்தான் பட்டம் பெற்றார். 2025ல் மறைந்தார். மதகின் ஒரு கதவை நீதிமன்றம் சரிசெய்தது. மறு கதவு இன்னும் ஆட்சியாளர் கையில்தான்.

விடுபட்டவர்கள் யார்?

பட்டியலைப் புரட்டுவோம். 1972 முதல் 2022 வரை காட்சிக் கலைக்காகத் தேசியக் கலைஞர் பட்டம் பெற்றவர்களிலே பெண் எத்தனை பேர்? ஒருவரும் இல்லை! நடனத்துக்கு உண்டு, நாடகத்துக்கு உண்டு, திரைக்கு உண்டு. தூரிகைக்கும் உளிக்கும் மட்டும் இல்லை. புதுமை ஓவியர் பதின்மூவர் என்று எடாடஸின் வழியிலே நின்ற அணியில் ஒரே பெண் அனிதா மக்சாய்சாய்-ஹோ. மீன் கூடை சுமக்கும், அறுவடை செய்யும், சந்தையிலே உழைக்கும் பெண்களைத் தலைத்துணியோடு தீட்டியவர். 2012ல் மறைந்தார், அந்தப் பட்டம் இல்லாமலே. பெண்ணைத் தீட்டிய ஆண்களுக்கெல்லாம் பட்டம். பெண்ணைத் தீட்டிய பெண்ணுக்கு? தொழிலறிந்தவர் கையிலே தராசு இருந்தாலும், அந்தக் கையும் ஆண் கையாகவே இருந்தால் தட்டு சாயத்தான் செய்யும்.

படக்கதை ஓவியரை ஓவியர் என்றே மதிக்காத காலம் ஒன்று இருந்தது. மலிவுக் காகிதத்திலே அச்சாகி, சலூனிலும் டீக்கடையிலும் கைமாறி, எழுத்துக் கூட்டிப் படிப்பவனையும் வாசகனாக்கிய கலை அது. அதிலே சிறந்த பிரான்சிஸ்கோ கோச்சிங் 1998ல் இறந்தார், 2014ல் விருது. கேலிச்சித்திரக்காரர் லாரி அல்காலா 2002ல் இறந்தார், 2018ல் விருது. வந்தது நன்று. வாழும்போது வந்திருந்தால்?

மலைநாட்டு மக்களின் கைத்திறன் 'கலை'யா, 'கைத்தொழி'லா என்ற பழைய கேள்வியும் உண்டு. சட்டகம் போட்டு மாட்டினால் கலை. இடுப்பிலே கட்டினால் தொழில் என்பது மேட்டுக்குடியின் இலக்கணம். அந்த இலக்கணத்தை 1992ல் ஒரு சட்டம் மூலம் உடைத்தது பிலிப்பைன்ஸ். மரபுக் கலைஞர்களுக்கென்று 'மக்களின் படைப்பாளி' என்ற தனி விருது. அதை 1998ல் பெற்றவர்களில் ஒருவர் லாங் டுலாய் என்ற மூதாட்டி. மிண்டனாவோ தீவிலே, செபு ஏரிக்கரையிலே வாழும் திபோலி இனத்தவர். பன்னிரண்டு வயதிலே தாயிடம் தறி கற்றவர். ஒரு வகை வாழையின் நாரை உரித்து, முடிச்சிட்டுச் சாயம் தோய்த்து, கனவிலே கண்ட கோலத்தைத் தாளில் வரையாமலே தறியில் இறக்கியவர். 2015ல் மறையும்வரை இளம் பெண்களுக்கு அந்த வித்தையைக் கற்பித்தார். அந்த விருதின் நிபந்தனையே அதுதான்: கற்றதைப் பிறருக்குக் கற்பிக்கவேண்டும்! அறிவைப் பூட்டி வைப்பவனுக்கு அங்கே பட்டம் இல்லை. எந்த நாடும் பின்பற்றத்தக்க நிபந்தனை என்போம்.

நாம் கேட்கவேண்டிய மூன்று

விருது என்ற சொல் காதில் விழுந்ததும் கைதட்டுவது பழக்கமாகிவிட்டது. கைதட்டுமுன் மூன்று கேள்விகளைக் கேட்கப் பழகுவோம். பிலிப்பைன்ஸ் கலைஞர்களின் அரை நூற்றாண்டு வரலாறு கற்பிக்கும் கேள்விகள் இவை.

எடைபோட்டது யார்? தொழிலறிந்தவரா, தயவு நாடுவோரா? 2009ல் கலைஞர்கள் தெருவுக்கு வந்தது இந்தக் கேள்விக்காக.

கொடுத்தது எப்போது? மூச்சு இருக்கும்போதா, மூச்சு நின்ற பிறகா? அமோர்சோலோவும் போட்டோங்கும் கோச்சிங்கும் அல்காலாவும் கேட்க முடியாமல் போன கேள்வி இது.

விடுபட்டது யார்? பெண்ணா, மலைநாட்டாரா, மலிவுக் காகிதத்தில் வரைந்தவரா? ஒவ்வொரு பட்டியலிலும் எழுதிய பெயர்களைவிட எழுதாத பெயர்களே அந்த நாட்டின் மனத்தைக் காட்டும்.

விருதே வேண்டாம் என்று சொல்லும் விரக்தி நமக்கு இல்லை. தகுதியானவர் கையில் சேரும் விருது, ஏழை வீட்டுப் பிள்ளைக்கு ஒரு சேதி சொல்கிறது. செய்தித்தாள் விற்றவன், விடுதியில் பரிமாறியவன், மீன் ஆலையில் கூலி செய்தவன், தறியில் அமர்ந்தவள் ஆகிய இவர்களால்தான் ஒரு நாட்டின் முகம் தீட்டப்பட்டது என்ற சேதி அது. அந்தச் சேதியைக் கெடுக்கும் கை எந்தப் பதவியில் இருந்தாலும் தட்டிவிடவேண்டிய கை.

'கட்டுவோர்' படத்தை 1928ல் வாங்க ஆளில்லை. இன்று அது நாட்டின் பொதுச் சொத்தாக, பண்பாட்டு மையத்தின் சேகரிப்பிலே இருக்கிறது. படத்திலே உள்ளவர்களின் பெயர் எவருக்கும் தெரியாது. கட்டியவனின் பெயர் கட்டடத்திலே இருப்பதில்லை. அவன் முதுகாவது நாட்டின் சுவரிலே ஏறிவிட்டது. பெயரும் ஏறும் நாளை உழைப்பவர்தாம் கொண்டுவரவேண்டும்.